அட்டை இருந்தால் வேலை இருக்கிறதா?

பத்தாம் வகுப்பு மாணவி

என் அத்தையின் இரும்புப் பெட்டியில், கலியாணச் சேலைக்கு அடியில், பிளாஸ்டிக் உறையிலிட்ட பழுப்பேறிய அட்டை ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்ததற்கான அட்டை அது. அத்தை 1991ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேறினார்கள். தட்டெழுத்தில் லோயர் தேர்வும் எழுதித் தேறினார்கள். அவ்வாண்டே பெயரைப் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் தருமபுரிக்கு வந்து புதுப்பித்துக்கொண்டு போனார்கள். அட்டையின் பின்புறம் முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு முறை நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்ததாம். வேலை வரவில்லை. 2003இல் இளைய மகன் பிறந்த சமயம் புதுப்பிக்கத் தவறியதால், பன்னிரண்டு ஆண்டுப் பதிவு மூப்பு போயிற்று. அதற்காக அத்தை யாரையும் நொந்துகொள்ளவில்லை. ஆனால் அட்டையைத் தூக்கி எறியவும் இல்லை.

இந்த அட்டையின் நினைவு எனக்கு ஏன் வந்தது என்று கேட்கலாம். இன்னும் சில வாரங்களில் நாங்கள் பொதுத்தேர்வு எழுதப் போகிறோம். மதிப்பெண் சான்றிதழ் வாங்கும் நாளில் பள்ளியிலேயே கணினி வழியாக வேலைவாய்ப்புப் பதிவு செய்து தருவது பல ஆண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடு. அத்தையைப் போல் நாங்கள் பஸ் ஏறி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஆயினும் எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "பதிந்துவிட்டால் கவர்ன்மெண்ட் வேலைக்கு வரிசையில் இடம் பிடித்த மாதிரி" என்று ஒரு தோழி சொன்னாள். அவளுடைய தாயார் சொல்லிக் கொடுத்ததாம். ஏறக்குறைய எல்லாருமே தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். பிறகுதான் அத்தையின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

இந்த அலுவலகம் எப்படித் தோன்றியது என்று தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு ஊரில் வேலை தேடித் தருவதற்காகத்தான் நம் நாட்டில் இவ்வமைப்பு தொடங்கப்பட்டது. 1948இல் எல்லா மக்களுக்கும் அதன் கதவு திறந்தது. 1956 நவம்பர் முதல் தேதியிலிருந்து மாநில அரசுகளின் பொறுப்புக்கு வந்தது. 1959இல் ஒரு சட்டமும் இயற்றினார்கள். அரசுத் துறைகளும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும், தங்களிடம் காலியாகும் இடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தனியார் துறை விவசாய வேலைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் அது பொருந்தாது என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் செய்வது இந்த இரண்டு வேலைகளைத்தான்! அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது.

அத்தையின் காலத்தில் அட்டைக்கு மதிப்பு இருந்தது உண்மை. அரசு அலுவலகங்கள் பல, பதிவு மூப்பின்படி பெயர்ப் பட்டியல் கேட்டு வாங்கி ஆள் எடுத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம், அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நின்றுவிடாமல் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு காலத்தில் பதிவு மூப்பை நம்பிக் காத்திருந்த ஆசிரியப் பணிக்கு 2012 முதல் தகுதித் தேர்வு வந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்குத் தேர்வாணையம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் நிற்கும் வரிசையில் எனக்கு எந்த இடம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

அரசு உதவித்தொகையும் தருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2006இல் தொடங்கிய திட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறியவர் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காவிட்டால் மாதம் 300 ரூபாய் வீதம் மூன்றாண்டுகள் பெறலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஐந்தாண்டுகள் என்றால் எனக்கு அப்போது இருபது வயது. எங்கள் ஊரில் இருபது வயதுப் பெண் எதற்காகவும் ஐந்தாண்டுகள் காத்திருப்பதில்லை. அவளை யாரும் காத்திருக்க விடுவதும் இல்லை.

அப்படியானால் அந்த அலுவலகத்தால் பயனே இல்லையா? இங்கேதான் என் தோழியரோடு நான் மாறுபடுகிறேன். பயன் உண்டு. நாம் அங்கே போய்ச் சரியானதைக் கேட்பதில்லை. அதன் பெயரே இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று அங்கே சொல்வார்கள். தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். இவை எல்லாவற்றையும் விட, பயிற்சி தரும் இடங்களுக்கு வழிகாட்டுகிறார்கள். என் கருத்தில் அட்டையைக் காட்டிலும் மதிப்புள்ளது இந்தக் கடைசி உதவிதான்.

தருமபுரியை அடுத்த கடகத்தூரிலும், அரூரிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. சேலத்தில் மகளிருக்கென்றே தனியாக ஒன்று இருக்கிறது. 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் பிள்ளைகள் இவை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மோட்டார் மெக்கானிக் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள். வெல்டர், கணினி இயக்குபவர், தையல் தொழில்நுட்பம் ஆகியவை ஓராண்டு. அரசு நிலையத்தில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் விலையில்லாமல் தருகிறார்கள். ஆண்களுக்கு 40 வயது வரைதான் சேர்க்கை. பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. (இதை அத்தையிடம் சொன்னேன். "இந்த வயசுல நான் போய் சுத்தியல் பிடிக்கிறதா?" என்று சிரித்தார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து, "அந்தத் தையல் படிப்பு எத்தனை மாசம்னு சொன்ன?" என்று கேட்டார்கள்.)

இன்னும் ஒன்று. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறுவது கல்லூரி மாணவியர் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றில் படிப்போருக்கும் அது உண்டு. முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் இருந்ததை, 2024 இறுதியில் நம்மைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். இரண்டாண்டு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தால் படிப்பு அத்தோடு முடிந்தது என்பது சரியன்று.

இவ்வளவும் இருந்தும், நம் வகுப்பில் 'ஐ.டி.ஐ.' என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோரும் முகம் சுளிக்கிறோம். மதிப்பெண் குறைந்த பையன்கள் போகும் இடம் அது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஆசிரியைகள் என்னை மன்னிக்க வேண்டும். படிக்காத பிள்ளையைத் திட்டும்போது, "நீ ஐ.டி.ஐ.க்குத்தான் லாயக்கு" என்ற வார்த்தை நம் வகுப்பறைகளிலும் காதில் விழுந்திருக்கிறது. நம் பள்ளி முற்றத்தில், கையில் தச்சுக் கருவியோடு நிற்கும் புனித சூசையப்பரின் சுரூபத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறோம் என்பதையும் இங்கே பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் சித்தப்பாவோடு நம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஃபிட்டர் பிரிவில் ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரம் போட்டு, மறுபடி அளந்து, மறுபடி அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் பயிற்றுநர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நம் கணக்குப் பாடத்தில் தசமப் புள்ளிக்கு இவ்வளவு மரியாதை தந்து நான் பார்த்ததில்லை. கணினிப் பிரிவில் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஃபிட்டர் கூடத்தில் ஒருவர்கூட இல்லை. பெண்களுக்கென்று இடஒதுக்கீடு இருப்பதாகவும், வர ஆள் இல்லாவிட்டால் அந்த இடங்களுக்கும் பையன்களே வந்துவிடுவதாகவும் அங்கிருந்த ஒரு பெரியவர் சொன்னார்.

நாம் ஏன் போகவில்லை என்பதற்கு நான் கண்ட காரணத்தைச் சொல்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் தெருவில் எனக்கு நான்கு வயது மூத்த ஒரு அக்கா இருந்தார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். தேர்வு முடிவு வந்த இரண்டாம் நாள் ஒரு புரோக்கர் வந்தார். யார் வீட்டில் பெண் தேறியிருக்கிறாள், யார் வீட்டில் தவறியிருக்கிறாள், யாருக்குக் கடன் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அந்த அக்காவின் ஆயாவிடம் அரை மணி நேரம் மூட்டுவலி பற்றிப் பேசினார். பிறகு நூற்பாலையில் வேலை, அங்கேயே ஹாஸ்டல், மூன்றாண்டு முடிந்தால் கலியாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, முன்பணமாகக் கொஞ்சம் நோட்டும் வைத்தார். அடுத்த திங்கட்கிழமை அக்கா நூறு மைலுக்கு அப்பால் போய்விட்டார். ஒன்றரை ஆண்டில் பஞ்சுத் தூசியால் இருமலோடு திரும்பி வந்தார். மூன்றாண்டு முடியவில்லையாகையால் மொத்தப் பணமும் இல்லை.

இது எங்கள் தெருக் கதை மட்டும் அன்று. சுமங்கலித் திட்டம் என்று பெயர் சூட்டி, நம் மாவட்டத்திலிருந்தும் பிற வறண்ட மாவட்டங்களிலிருந்தும் பெண்களை மேற்கே உள்ள ஆலைகளுக்கு அழைத்துச் சென்ற வரலாறு பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்ததுதான். எல்லா ஆலைகளும் ஒன்றுபோல் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது வேறு. பிள்ளையை யாரென்றே தெரியாத ஒருவரோடு நூறு மைல் அனுப்பச் சம்மதித்த அதே வீடுகள்தாம், பத்து மைலில் இருக்கும் அரசு பயிற்சி நிலையத்துக்குத் தினமும் போய்வர, "பொம்பளப் புள்ளைக்கு ஒத்துவராது" என்கின்றன. இது என்ன நியாயம் என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், புரோக்கர் தேடி வந்தார். அரசு தேடி வரவில்லை. புரோக்கர் ஆயாவோடு பேசினார். அரசு இணையதளத்தில் பேசுகிறது. எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையதுதான். நூற்றுக்கு 68 பேர் சொச்சம். பெண்களில் அதைவிடவும் குறைவு. ஒரு பெண்ணின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்கு வெளியே இருக்கும் பாட்டிமார்களும் தாய்மார்களும் அல்லவா?

ஆகவே என் கோரிக்கை சிறியது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. அவற்றில் ஒன்று மே முதல் தேதி, தொழிலாளர் தினம். (நம் திருச்சபையில் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளும் அதுவே.) பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் சமயம். புரோக்கர் வருவதற்குச் சில நாட்கள் முன்னால்! அந்தக் கூட்டத்தில் ஒரு மேசை போட்டு வேலைவாய்ப்பு மையத்திலிருந்து ஒருவரும், தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவரும் உட்காரட்டும். கூடவே அங்கே படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணையும் அழைத்து வரட்டும். துண்டுப் பிரசுரம் வேண்டாம், அதைப் பொட்டலம் கட்டத்தான் எடுத்துப் போவார்கள். ஆயாக்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பஸ் எத்தனை மணிக்கு? இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாமா? பெண்களுக்குக் கழிப்பறை தனியாக உண்டா? கூடத்தில் இவள் ஒருத்திதானா, வேறு பெண்களும் உண்டா? 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பள்ளிக்குள் வந்து எங்களிடம் பேசுகிறது, அது நல்ல காரியம். எங்களிடம் பேசினால் மட்டும் போதாது என்பதே என் குறை.

படித்து முடித்தால் வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எங்கள் மாவட்டமும் கிருஷ்ணகிரியும் 2004க்கு முன் ஒரே மாவட்டமாக இருந்தன. அப்போது நம்முடையதாக இருந்த ஓசூரில் 1980களில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தபோது, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் கடிகாரம் செய்யவைத்தார்கள். ராகிக் காட்டிலிருந்து போன கைகள் அவை. இப்போது அதே ஓசூருக்குப் பக்கத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அங்கே பாகங்களைக் கோக்கும் வரிசையில் உட்கார்வது ஒரு வேலை. அந்த இயந்திரம் நின்றுபோனால் வந்து திறந்து பார்ப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்குத் தொழிற்சான்றிதழ் வேண்டும், சம்பளமும் வேறு. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டப்படி அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளிலும் பெரிய ஆலைகளிலும் உதவித்தொகையோடு ஓராண்டு பழகுநராகச் சேரலாம். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்களில் புதுமாதிரி இயந்திரங்களும் ரோபோக்களும் வந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் பையன்கள் மட்டுமே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவள். கணக்கும் அறிவியலும் வரும். பதினொன்றாம் வகுப்பில் சேரலாம், சேர்ப்பார்கள். ஆனால் எலக்ட்ரீஷியன் படித்து, அங்கிருந்து பாலிடெக்னிக் போக வேண்டும் என்பது என் ஆசை. என் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிக்கிறார். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். கட்டடத்தில் எலக்ட்ரீஷியனுக்கு இருக்கும் மரியாதையைப் பற்றி அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் டெஸ்டரோடு மோட்டார் சைக்கிளில் வருவார்களாம். இன்ஜினீயரே நாற்காலி எடுத்துப் போடுவாராம். போன மாதம் அவரிடம் என் ஆசையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை நிறுத்தி, "நீ பையனா இருந்தா நானே கூட்டிட்டுப் போய் சேர்த்திருப்பேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அப்பா பெங்களூருக்குப் புறப்படும்போது, சித்தப்பா வாங்கி வந்த பயிற்சி நிலையத்தின் விவரத் தாளை அவருடைய பையில் வைத்தேன். எடுத்து வெளியே வைத்துவிடவில்லை. மடித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். வருகிற வாரம் ஊருக்கு வருகிறார்.